வசனமில்லாத முப்பத்தொன்றாம் இதழ்

சைலன்ஸர் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் ஜெராக்ஸ். பஸ் ஓட்டுகிறவர், வாயும் திறக்காதவர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக இருக்கட்டும் என்று வைத்தான். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெராக்ஸின் கடை மாடியில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். கீழே நகல் எடுக்கும் கடை வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இன்னொருவர் பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது அம்மா, வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு ஞாயிறன்று தன் வாயைத் திறக்க வருகிறவர். மூன்றாவது நான். பஸ் டெப்போவில் டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை மணிக்கு யார் கையில் வெளியே போகிறது என்று எழுதுகிறவன், அதனால் டைம். நாலாவது சைலன்ஸர், அதே டெப்போவில் இருபத்தாறு வருட டிரைவர். எங்கள் நாலு பேரையும் சேர்த்துக் கட்டியது காமிக்ஸ் ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்ஸருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக. கண்ணுக்குள்ளே நடுவில் ஓர் இடம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகிறது, மருந்து தள்ளிப்போடுமே தவிரப் போனதைத் திருப்பித் தராது என்று தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பேட்டையில் ஒரு கண் டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற அவருக்குப் பதினாலு மாதம் பாக்கி. கண் விஷயம் வெளியே வந்தால் ஸ்டியரிங் போகும். ஸ்டியரிங் போனால் டெப்போ கொடுத்த வீடும் போகும். வெளியே வராவிட்டால் தினம் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாத ஒருவர் ஊருக்குள் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு புத்தகத்தால்.

எங்கள் கூட்டத்துக்கு வேலை ஒன்றுதான். அந்த மாதம் வந்த புது இதழ்களைப் பிரித்து மேய்வது. அப்போது மூன்று தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று 'வெள்ளிப் பல்லி'. மூன்றாவது தடவையாக அதை முதல் இதழிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும்போதும் கதாநாயகனின் அப்பாவை யாராவது சுட்டுவிடுவார்கள்.

"அந்த மனுஷனை இதோட மூணு தடவை கொன்னுட்டானுங்க. அவருக்கே அலுத்துப் போயிருக்கும்," என்றான் ஜெராக்ஸ்.

இரண்டாவது 'ஏழு தீவு'. கடல் வரைபடம் போடுகிற ஒரு பெண் ஏழு தீவுகளைத் தேடிப் போகிறாள். சாகசம்தான், ஆனால் பதின்மூன்று இதழில் இரண்டு தீவுதான் வந்திருந்தது. டாக்டருக்கு உயிர் அந்தத் தொடர்.

"நல்லா வரையறான், ஒத்துக்கறேன். ஆனா இந்த வேகத்துல போனா ஏழாவது தீவுக்கு என் பேரப் பிள்ளைங்கதான் போய்ச் சேரும்," என்பார்.

மூன்றாவது 'எடையற்றவன்'. தொட்ட பொருளின் எடையை இல்லாமல் செய்துவிடுகிற ஆள் அவன். லாரியைத் தொட்டால் லாரி காகிதமாகிவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் அப்படித் தாங்க முடியும். இரண்டாவதைத் தொட்டால் முதலாவது பழைய எடைக்கு வந்துவிடும். சூப்பர் ஹீரோ கதைகளில் இவ்வளவு கஞ்சத்தனமான சக்தியை நான் பார்த்ததில்லை. அதனாலேயே எங்கள் நாலு பேருக்கும் அதன்மேல் பைத்தியம்.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஓர் இதழை இன்னும் படிக்காதவர் இருந்தால், அதைப் பேசும்போது அவர் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொள்ள வேண்டும். பேசி முடித்ததும் ஜெராக்ஸ் மேசையில் ஸ்டேப்ளரை மூன்று தடவை தட்டுவான், உள்ளே வரலாம். முடிவு தெரிந்துவிட்டால் புத்தகம் செத்துவிடும் என்பதற்காக வைத்த விதி. டாக்டர் பலமுறை நின்றிருக்கிறார். நான் காய்ச்சலோடு கூட நின்றிருக்கிறேன். சைலன்ஸர் மட்டும் ஒரு நாளும் படிக்காமல் வந்ததில்லை, வெளியே நின்றதில்லை.

அவர் காமிக்ஸுக்குள் வந்த கதையே வேறு. இளம் வயதில் ஒரு மழை நாள் பஸ்ஸின் கடைசி சீட்டில் யாரோ விட்டுப் போன புத்தகம். டெப்போவில் ஒப்படைத்தார். தொண்ணூறு நாள் யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு என்பது வழக்கம். தொண்ணூற்றோராம் நாள் காலை ஆறு மணிக்கு ஜன்னலில் வந்து நின்றாராம். கதையில் பாதியில் நிற்கிற இரண்டு பக்கத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, மூன்று மாதம் அந்த இரண்டு பக்கத்தையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் டெப்போவிலேயே திறந்து படித்திருப்பான். இப்போது அவர் வீட்டில் பிரேக் லைனிங் வந்த அட்டைப்பெட்டிகளில் இரண்டாயிரத்துக்கு மேல் இதழ்கள், வெளிவந்த தேதிப்படி அடுக்கி இருக்கின்றன. எந்தப் பெட்டியில் எது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார்.

கண் மங்க ஆரம்பித்த பிறகு அவருக்குப் படித்துக் காட்டியது அவர் மனைவி. நான் அவரை அண்ணி என்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் நம்பர் வாசிக்கிறவர். நாள் முழுக்க 'நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று' என்று வாசிக்கிற அதே குரலில்தான் காமிக்ஸையும் வாசிப்பாராம். பின்னாலே ஒரு நாள் சைலன்ஸரே எனக்கு அதைச் செய்து காட்டினார்.

"டமால். அடுத்த கட்டம். ஐயோ. அடுத்த கட்டம். உன்னால் தப்ப முடியாது, மூணு ஆச்சரியக்குறி. அடுத்த பக்கம்."

அப்படி ஒவ்வோர் இதழையும் இரண்டு முறை கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை வருவார். முதலில் எங்களைப் பேச விடுவார். எல்லோரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு ஒரே ஒரு வரி சொல்வார். "அந்த வில்லன் பொய் சொல்றான், நாலாவது பக்கத்துலயே தெரிஞ்சுது." அவ்வளவுதான்.  மனுஷன் கண்ணும் கருத்துமாகப் படிக்கிறார் என்று டாக்டர் மெச்சுவார்.

டெப்போவில் வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனை. சுவரில் எழுத்து அட்டை. வரிசையில் முன்னால் நிற்கிற ஆறு பேர் வாசிப்பதைக் கேட்டாலே போதும், ஏழாவது ஆளுக்கு அட்டை தேவையில்லை. இரண்டாயிரம் இதழை நினைவில் வைத்திருப்பவருக்கு ஏழு வரி ஒரு பெரிய விஷயமா.

இனி என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று பூசி மெழுகினால் அது பொய். அந்த ஒன்றரை வருடத்தில் அவர் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி மூன்று தடவை உடைந்தது. அதுவரை இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவை கூட உடையவில்லை. மூன்று தடவையும் சேதப் பதிவேட்டில் 'குறுகிய சாலை' என்று காரணம் எழுதியது என் கை. கேட்டைத் தாண்டிப் போகும்போது என் ஜன்னலைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவார், அதுதான் அவருடைய வணக்கம். அந்த விரல் நின்று போனது. வயதாகிறது, அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், பதில் வந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

பிறகு எடையற்றவன் முப்பத்தொன்று வந்தது.

அந்த இதழில் வசனமே இல்லை. இருபத்துநாலு பக்கம், பேச்சு எழுதுகிற பலூன் ஒன்று கிடையாது, ஒரு 'டமால்' கிடையாது, வெறும் படம். அட்டையைத் திருப்பினால் கடைசி வரை மௌனம். ஜெராக்ஸ் புத்தகம் வந்த அன்றே எனக்குப் போன் செய்து, "மச்சி, இதை டாய்லெட்ல உக்காந்து எல்லாம் படிக்காத, குளிச்சிட்டுப் படி," என்றான். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. உயரமான கட்டிடம் எரிகிறது. ஆட்களோடு ஒரு லிஃப்ட் அறுந்து இறங்குகிறது. எடையற்றவன் அதைத் தொட்டுத் தாங்குகிறான். அதே நேரம் அவனுடைய சொந்தத் தம்பி மேல்தளத்திலிருந்து விழுகிறான். கை நீட்டினால் எட்டும். நீட்டினால் லிஃப்ட் போய்விடும். அவன் நீட்டவில்லை. ஆறு பக்கத்துக்கு அவன் முகமும் தம்பியும் மாறி மாறி வருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் லிஃப்டிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, யாரும் அவனைத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு. கிளினிக்ல வெச்சுப் படிச்சேன், நர்ஸ் என்ன மேடம்னு கேக்குது. காமிக்ஸ்னு சொல்லவா முடியும்?"

"எனக்குக் கோவம்தான் வந்துச்சு," என்றான் ஜெராக்ஸ். "முப்பது புக்கா அந்தத் தம்பியைக் காட்டிட்டு, இப்படிப் பண்ணிட்டானே."

"திரும்பி வந்துடுவான்டா. இவங்க யாரை ஒழுங்கா சாக விட்டிருக்காங்க?" என்றேன் நான்.

இப்படிப் பத்து நிமிடம் போயிற்று. நாங்கள் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை, எல்லோரும் தம்பியையே பேசிக்கொண்டிருந்தோம். சைலன்ஸர் கடைக்கு வந்த நகல் தாள் கட்டுகளின்மேல், தன் வழக்கமான இடத்தில், கை கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தது.

"லிஃப்டை விட்டது தப்பு," என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். ஏதோ ஆழமாகச் சொல்லப் போகிறார் என்று.

"எந்த லிஃப்டை?" என்றான் ஜெராக்ஸ்.

"தம்பியைப் பிடிச்சுட்டு லிஃப்டை விட்டானே. அது தப்பு. இனிமே அவன் ஹீரோ இல்ல."

ஜெராக்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கனவுங்கறீங்களா அண்ணே? அவன் மனசுக்குள்ள நடந்ததுங்கறீங்களா? டாக்டர், பாத்தீங்களா, மனுஷன் வேற லெவல்ல படிக்கிறார்."

"கனவெல்லாம் இல்ல. பதினேழாம் பக்கம். விடுறான்," என்றார் சைலன்ஸர்.

"பதினேழுல லிஃப்டைப் பிடிச்சுக்கிட்டுல்ல இருக்கான். நான் நேத்துகூடப் பாத்தேன்."

"நீ சரியாப் பாக்கல."

எங்கள் கூட்டத்தில் இப்படி ஒரு வாதம் வந்தால் முடித்து வைக்கிற வழி ஒன்றுதான். கட்டத்தைக் காட்டு. வாயால் சொல்வது செல்லாது, விரலை வைத்துக் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் மேசையில் கிடந்த புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினான். "காட்டுங்கண்ணே, எந்தக் கட்டம்."

அவன் தள்ளியது எடையற்றவன் இல்லை. அது மேலே கிடந்த ஏழு தீவு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டு அட்டையும் கருநீலம். ஜெராக்ஸ் வேண்டுமென்று செய்யவில்லை, வாய் வாதத்தில் இருந்தது, கை தன்பாட்டுக்குத் தள்ளியது. சைலன்ஸர் அதை எடுத்தார், அட்டையிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கட்டைவிரலால் எண்ணிப் பதினேழுக்கு வந்தார், மேசையில் விரித்து வைத்தார். படகில் நின்றுகொண்டு ஒரு பெண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க வசனம். அவள் நெற்றியில் விரலை வைத்தார்.

"இதோ. விழுது பார், லிஃப்ட்."

 ஜெராக்ஸ் என்னைப் பார்த்தான். டாக்டர் மெதுவாகத் தன் கையை சைலன்ஸரின் முகத்துக்கு நேரே தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். அவர் அசையவில்லை. டாக்டர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் மௌனத்தின் நீளத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் இந்த புக்கைப் படிக்கல," என்றார். "வெளியே நிக்கிறேன்."

எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே கதவுக்குப் போனார், மாடிப்படியில் நின்றார். கூட்டம் ஆரம்பித்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

நான் பின்னாலேயே போனேன். போகிற மூன்றடியில் கண்ணாடி, குறுகிய சாலை, நின்று போன விரல் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. பதற வேண்டும் அல்லவா, பதறவில்லை. எனக்கு உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. படியில் யாரோ துப்பியிருந்தது தெரிந்தது, கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாளாண்ணே?"

"ஒன்றரை வருஷம்."

"என் முகம் தெரியுதா?"

"நேரே பாத்தா தெரியாது. உன் காதைப் பாத்தா மூக்கு கொஞ்சம் தெரியும்."

"வண்டி எப்படி ஓட்டுறீங்க?"

"ஓரத்தைப் பாத்துட்டே போவேன். பத்தொன்பது வருஷ ரூட்டு தம்பி. சிக்னல்ல மேல எரியுதா கீழ எரியுதான்னு மட்டும் பாப்பேன். மத்தது கை பாத்துக்கும்."

பிறகுதான் அண்ணி வாசித்துக் காட்டுவதைச் சொன்னார். அந்த டோக்கன் குரலைச் செய்து காட்டியதும் அங்கேதான். நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். நாங்கள் சிரித்தது இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை.

"இந்த புக்குல வசனம் இல்லையா, பாவம், படத்தைப் பாத்து அவளா சொன்னா. எங்கேயோ மாறிப் போச்சு போல," என்றார்.

"நாளைக்குக் காலையில டியூட்டி இருக்கே."

"அஞ்சே முக்கால்."

"எடுக்காதீங்கண்ணே."

 "பதினாலு மாசம்தான்," என்றார்.

"ஒரு ட்ரிப்புக்குக் கூட விட முடியாது."

"தெரியும்." கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தோணல தம்பி. பயமும் இல்ல, வருத்தமும் இல்ல. நம்ம டாக்டர் பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, அது மாதிரி. கை வைக்கிறது தெரியுது, வலி தெரியல. நானா போய்ச் சொல்லணும்னு எத்தனையோ தடவை பாத்தேன், வாய் வரல. நீ எழுதிடு. எழுதினா மறுக்க மாட்டேன்."

உள்ளே ஸ்டேப்ளர் மூன்று தடவை தட்டியது. உள்ளே அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும், கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஜெராக்ஸ் தட்டினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சைலன்ஸர் உள்ளே வந்து தாள் கட்டில் உட்கார்ந்தார்.

"சரி, அடுத்த புக்கு எது?" என்றார்.

வெள்ளிப் பல்லி பேசினோம். பன்னிரண்டு மணி வரை பேசினோம். புதிதாக வந்த ஓவியனுக்கு மூக்கு வரையத் தெரியவில்லை என்று ஜெராக்ஸ் சொன்னான், டாக்டர் பல்லும் சரியில்லை என்றார். எல்லோரும் நன்றாகவே பேசினோம்.

திங்கட்கிழமை அதிகாலை ஐந்தேகாலுக்கு அவர் யூனிஃபார்ம் போட்டு, தலை வாரி, ஜன்னலுக்கு வந்தார். ஸ்பேர் டிரைவர் பெயரை அவருடைய டியூட்டிக்கு நேரே ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். "இன்னைக்கு வேற ஆள்," என்றேன். தலையாட்டிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் வண்டி வேறொருவர் கையில் கேட்டைத் தாண்டிப் போனது. சத்தம் போகிற பக்கமாகத் தலையைத் திருப்பினார், அவ்வளவுதான். எட்டு மணிக்கு மேனேஜர் வந்ததும் நான் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. என் மேலேயே ஒரு கோபமாவது வரட்டும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. சேதப் பதிவேட்டைப் புரட்டி என் கையெழுத்தை மூன்று இடத்தில் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. அதை மட்டும் நன்றாக உணர்ந்தேன்.

வேறு அட்டை வைத்துப் பரிசோதித்தார்கள். தகுதியில்லை என்று வந்தது. வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று டெப்போவில் பேச்சு அடிபட்டது. வழக்கமான செக்கிங் என்று நான் சொல்லி வைத்தேன். சைலன்ஸர் எங்கேயும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவான், அவர் தாள் கட்டில் உட்காருவார், கடைசியில் ஒரு வரி சொல்வார். கட்டத்தைக் காட்டு என்று இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை.

வீட்டைக் காலி செய்வதற்கு டைம் ஆபீஸிலும் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தப் படிவத்தோடு அண்ணி ஒரு நாள் மதியம் வந்தார். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவர், அன்று என் ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் எழுந்து உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?"

"ஆமாம் அண்ணி. நான்தான்."

தலையை ஆட்டினார். படிவத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார். "அன்னைக்கு அந்த புக்கைப் பத்தி அவர் என்ன சொன்னார்?"

"லிஃப்டை விட்டுட்டுத் தம்பியைப் பிடிச்சான்னு சொன்னார்."

"நான் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கார்."

அண்ணியின் மனதை உறுத்துகிறது போலும் என்று நினைத்தேன். தன்னால்தானே மாட்டிக்கொண்டார் என்று. எனக்கே பாவமாக இருந்தது. "அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல அண்ணி. வசனம் இல்லாத புக்கு, எங்களுக்கே ரெண்டு தடவை பாத்தாத்தான் புரிஞ்சுது. ரெண்டு பக்கத்தையும் சேத்துக் குறுக்கால பாக்கணும், பழக்கம் இல்லாதவங்களுக்கு..."

"எனக்குப் புரிஞ்சுது," என்றார். "ஒன்றரை வருஷமா படிக்கிறேன், புரியாம இருக்குமா. அவன் லிஃப்டைத்தான் பிடிச்சான். தம்பி விழுந்துட்டான். நான்தான் மாத்திச் சொன்னேன்."

டோக்கன் நம்பர் வாசிக்கிற அதே குரல். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"ஒரு நாள் லேப்ல இருந்து அவர் வண்டியிலயே வந்தேன், முன் சீட்டு. ஒரு பொண்ணு சைக்கிள்ல குறுக்கால போச்சு. இவர் பிரேக்கே போடல. அது எப்படியோ தப்பிச்சுப் போயிடுச்சு. இறங்கினதும், அந்த சைக்கிளைப் பாத்தீங்களான்னு கேட்டேன். எந்த சைக்கிள்னார்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். சரி சரின்னார். காலையில கிளம்பிட்டார். டெப்போவுக்கு லெட்டர் எழுத ரெண்டு தடவை உக்காந்தேன். ஐயான்னு போட்டதோட சரி, அதுக்கு மேல கை ஓடல. அப்புறம் இந்த புக்கு வந்துச்சு. நீங்க மூணு பேரும் எதை விட்டாலும் கதையை மாத்திச் சொன்னா விட மாட்டீங்கன்னு தெரியும்."

வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. 

"அவருக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது. நான் பாக்கத் தெரியாமப் பாத்துட்டேன்னு நெனைச்சிட்டிருக்கார். விடு, நீ என்ன வேணும்னேவா பண்ணினன்னு என்னைத் தேத்துறார்." படிவத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நேத்து முப்பத்திரண்டு வந்துச்சு. கொண்டாந்து என் கையில கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிட்டார், படின்னு. வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டேங்கறார். நீ சொன்னாத்தான் எனக்குச் சரியாத் தெரியுதுங்கறார்."